அத்தைக்குச் சம்மதம்னா கிணறு நடக்கும்

பொய்க்குப் பால் தரமாட்டோம் என்று மாடுகள் நின்றுகொண்ட வருசம், எங்கள் மொட்டணம்பாளையத்தில் முதலில் கெட்டது காலைக் காபி, அடுத்துக் கெட்டது அக்கம்பக்கம், கடைசியாகக் கெட இருந்தது என் நாத்தனார் கோமளாவின் வாழ்க்கை.

பொங்கல் முடிந்து, மாட்டுக் கொம்பில் அடித்த சாயம்கூடக் காயாத ஒரு விடியற்காலையில், ஊரில் இருந்த அத்தனை மாடும் பாலை மடியிலேயே அடக்கிக்கொண்டன. கன்றை முட்டவிட்டுப் பார்த்தோம், வெந்நீர் ஊற்றி மடியைக் கழுவிப் பார்த்தோம், மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுக் காபி கிடைக்காமல் திரும்பிப் போனார். மூன்றாம் வீட்டு ரங்காத்தாக்காதான், கறந்து கறந்து கை ஓய்ந்து, ஆத்திரத்தில், "நீ மாடு, நான் மனுசி, எனக்கு முட்டி வலிக்குது, போ!" என்று கத்தினார். சொல்லி வாய் மூடவில்லை, நான்கு காம்பிலும் சுரப்பு விட்டுப் பால் குவளையில் விழுந்தது. சந்தோசத்தில் அவர் வீட்டுக்காரர் ஓடிவந்து, "நான் நேத்துக் கள்ளுக்கடைப் பக்கமே போகலை" என்று எதற்கோ சொல்லப்போக, குழாயைத் திருகி மூடியது போலப் பால் நின்றது. ரங்காத்தாக்கா குவளையைக் கீழே வைத்தார், விளக்குமாற்றை எடுத்தார். இப்படித்தான் ஊருக்கு விசயம் தெரிந்தது.

ஏன் இப்படி என்று யாரும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை, காலையில் பால் வண்டி வந்துவிடும். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைப்பது போல, நாளைக்கு என்ன உண்மை சொல்வது என்று முந்தின நாளே ஊறவைத்துக்கொள்ளப் பழகினோம். சொன்னதையே சொன்னால் மாடு சலித்துக்கொண்டது. "இது சொம்பு" என்ற உண்மை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆகவே சேர்த்துச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தோம், ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. இரண்டு விசயத்தை 'இதுவும் அதுவும்' என்று கோத்துச் சொன்னால் இரண்டுமே உண்மையாக இருக்கவேண்டும், "சூரியன் கிழக்கே உதிக்குது, என்ற மருமக நல்லாச் சமைக்கிறா" என்று என் மாமியார் சொல்லிச் சூரியனையும் சேர்த்துக் கெடுத்த நாளில் எங்கள் வீட்டில் பாலில்லாத வறக்காபிதான். 'இது இல்லாட்டி அது' என்றால் இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தாலே போதும், அதனால் சோம்பேறிகள் எல்லாரும் "இன்னைக்கு மழை வரும், இல்லாட்டி வராது" என்று சொல்லிக் குடம் நிறையக் கறந்தார்கள். பொய்யே வாயில் வந்துவிட்டாலும் வாலில் ஒரு 'இல்லை' கட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும், "நான் கள்ளுக்கடைப் பக்கமே போகலை, அப்படிங்கிறது உண்மை இல்லை" என்று ரங்காத்தாக்காவின் வீட்டுக்காரர் தினமும் கண்ணீரோடு சொல்லிப் பால் கறந்தார். "இந்த ஊர் ஆம்பளைக எல்லாரும் சோம்பேறி" என்றால் ஒரு சொட்டு வராது, எங்கோ ஒருத்தர் மாடாக உழைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். "சில பேரு சோம்பேறி" என்றால் நுரை பொங்கும்.

மாட்டுக்கு மழையும் சொம்பும் போதாதா, மனுசரைப் பற்றி எதற்குச் சொல்லவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் வாய் கேட்கவேண்டுமே! "எங்க அண்ணன் வரப்பை வெட்டித் தள்ளிப்போட்டான்" என்று ஒருத்தர் சொல்ல, பால் கொட்ட, அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை அறுந்தது. "இந்த மாப்பிள்ளைக்குத் தலையில் இருக்கிறது சொந்த முடி இல்லை" என்று எவரோ சொல்ல, பால் கொட்ட, ஒரு குடும்பமே வெயிலில் துண்டைப் போட்டுக்கொண்டு திரிந்தது. கடைசியில் பால் சொசைட்டி வாசலில் ஊர் கூடி, இனிமேல் ஒரு ஆளைப் பற்றி மாட்டுக்கு முன்னால் நேராக எதுவும் சொல்லக்கூடாது, சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'இப்படி இருந்தா அப்படி ஆகும்' என்று சுற்றித்தான் சொல்லவேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அதற்குச் சுத்துப்பேச்சு என்று பேர் வைத்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது தனியாகச் சொல்லித்தரவா வேண்டும், தண்ணீர் வேண்டும் என்றாலே "வெயில் காந்துதுங்க" என்றுதானே ஆரம்பிப்போம். "அவன் வந்தா விருந்து களைகட்டும்", "அவ படிச்சிருந்தா கலெக்டர்" என்று ஊரே மாட்டுக்கு முன்னால் சுற்றிச் சுற்றிப் பேசியது. யாருக்கும் யார்மேலும் மனத்தாங்கல் இல்லை, சொசைட்டி கேன்கள் நிறைந்தன. இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

சுத்துப்பேச்சு நுழைந்த இடங்களில் கல்யாணப் பேச்சும் ஒன்று. ஜாதகத்தைவிட மாடு மேல் என்று ஆகிப்போய், பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டு நேராகத் தொழுவத்துக்கு வந்தார்கள். கோமளா என் வீட்டுக்காரருக்குத் தங்கை, சொசைட்டியில் பால் அளந்து ஊற்றுகிற பெண், வாய் அதிகம் பேசாது. அவளைக் கேட்டு வந்தது பக்கத்து ஊர்த் தேங்காய்க் களத்துக்காரர்கள். மாப்பிள்ளை பேர் குருநாதன், வந்ததிலிருந்து காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா சரசாத்தாள் எங்கள் செவலை மாட்டுக்கு முன்னால் நின்று, சுத்துப்பேச்சு முறைப்படி, "பொண்ணுக்குச் சம்மதம்னா, ஆவணியிலே கல்யாணம்" என்றார்.

பால் கொட்டியது.

"ஆச்சுங்க!" என்று என் மாமியார் பாவாயி கைகூப்பினார். "கோமாதா, வாயில்லாச் சீவனே சொல்லிப்போட்டுது, இனி மனுசங்க என்னத்தைச் சொல்றது!"

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாம் செவலைக்கு முன்னால் நின்று ஒரு நல்ல வார்த்தை சொன்னார்கள். கோமளாவுக்குச் சம்மதம்னா மாமியார் தாங்குவாங்க, பால். கோமளாவுக்குச் சம்மதம்னா களத்துல இன்னொரு மெசின் போடுவாங்க, பால். எது சொன்னாலும் பால். இந்த மாதிரி ராசியான சம்பந்தம் ஏழு ஊரிலும் இல்லை என்று பேச்சானது. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் ஒருத்தரும் கெட்ட வார்த்தை சொல்லமாட்டார்கள் இல்லையா, அதனால் சம்மதம்னா கெட்டது நடக்குமா என்று ஒருத்தரும் சொல்லிப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் மரியாதை எங்களைக் கவிழ்த்த இடம் அதுதான்.

நிச்சயத்துக்கு நாள் குறித்துப் பந்தல் கால்கூட நட்டாயிற்று. எங்களில் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் பிறகு மாற்றுப் பேச்சே கிடையாது. அந்த வாரத்தில் ஒரு காலை, இடுப்பில் பாப்பா அழ, நான் செவலைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். புது உண்மை ஒன்றும் கைவசம் இல்லை. பாப்பாவை முதலில் சிரிக்கவைப்போம், மாட்டைப் பிறகு பார்ப்போம் என்று, "அழுவாத சாமி, நம்ம கோமளா அத்தைக்குச் சம்மதம்னா, நம்ம கிணறு எந்திரிச்சு டீ குடிக்கப் போகும்" என்றேன்.

பால் கொட்டியது. நுரை குவளை விளிம்பு தாண்டி என் காலில் வழிந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். கிணறு இருந்த இடத்தில்தான் இருந்தது. சந்தேகத்தில், "கோமளாவுக்குச் சம்மதம்னா, கிணறு எங்கேயும் போகாது" என்றேன். அதற்கும் பால். "கோமளாவுக்குச் சம்மதம்னா, நான் மாடு, நீ மனுசி." பால். செவலை என்னைத் திரும்பிப் பார்த்தது, சீக்கிரம் புரிந்துகொள்ளேன் என்பது போல.

பாப்பா பிறப்பதற்கு முன்னால் நான் ஒரு பெட்டி நிறையக் குட்டிச் சட்டை தைத்து வைத்திருந்தேன். அவள் வயிற்றில் இருந்தவரைக்கும் அத்தனையும் அவளுக்கு அளவாகத்தான் இருந்தது. பிறந்து, தலை ஒரு பக்கம் கை ஒரு பக்கம் என்று ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் ஒன்றுகூட நுழையவில்லை. அந்தப் பெட்டி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஆள் இல்லாத இடத்தில் எந்தச் சட்டையும் பொருந்தும். சம்மதமே இல்லாத இடத்தில் ராணி மாதிரி வாழ்வாள் என்பதும் பொருந்தும், கிணறு டீ குடிக்கும் என்பதும் பொருந்தும்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு ஓடினேன். கோமளா கேன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோமளா, நேராக் கேக்கறேன். உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமா?"

அவள் கேனை விட்டுத் தலையை எடுக்கவில்லை. "இப்பப் போய் கேக்கறீங்களே நங்கையா. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு."

"நீதான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னை யாருங்க கேட்டாங்க? மாட்டைத்தானே கேட்டாங்க." சிரித்தாள், கண் நிறைந்திருந்தது. "அந்தப் பையன் மேல ஒரு குறையும் இல்லீங்க. எனக்கு இப்பக் கல்யாணமே வேண்டாம். ஆனா ஊரெல்லாம் சொல்லிப் பூரிச்சுக் கெடக்கிற அம்மாகிட்ட நான் எந்த வாயிலே சொல்லுவேன்?"

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மாடு பொய் சொல்லுமா?" என்றார். சொல்லாது மாமா, அதுதான் பிரச்சினையே என்றேன், அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். மாமியாரிடம் சொன்னேன். "என்ற மகளுக்கு நல்ல இடம் அமையறது உனக்குக் கண்ணைக் கரிக்குதாக்கும்" என்றார். பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. பால் கறக்கிறவள் நான்தானே, பந்தலில் மாட்டுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் உண்டு.

நிச்சயத்தன்று செவலையைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, சாமந்தி மாலை போட்டு, சீரியல் லைட்டுக்குக் கீழே நிறுத்தினார்கள். ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள், நடுவில் வெற்றிலைத் தட்டு, தட்டுக்குப் பக்கத்தில் மாட்டு மடிக்குக் கீழே குவளையோடு நான். பட்டுச்சேலை கட்டிய கோமளா வாசற்படியில் சுவரோடு சுவராக நின்றாள்.

"பொண்ணுக்குச் சம்மதம்னா, எங்க ஊட்டு ராணி" என்றார் சரசாத்தாள். பால். கைதட்டல்.

"என்ற மகளுக்குச் சம்மதம்னா, அடுத்த சித்திரைக்குள்ள பேரன்" என்றார் என் மாமியார். பால். குலவை.

"சம்மதம்னா, மாப்பிள்ளை அந்த சிகரெட்டை விட்டுருவாருங்க" என்றார் ரங்காத்தாக்கா. பால். மாப்பிள்ளை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

குவளை நிறைந்தது, குடத்தை வைத்தேன். தட்டைத் தூக்க மாமியார் கை நீட்டினார். இதற்குமேல் பொறுத்தால் அவ்வளவுதான் என்று, நானும் நல்ல வார்த்தை சொல்கிறவள் போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உரக்கச் சொன்னேன்: "கோமளாவுக்குச் சம்மதம்னா, மாப்பிள்ளை ஒரு எருமைக்கடா!"

பால் கொட்டியது.

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தினார். சரசாத்தாள் எழுந்தார். "ஏனுங்க, என்ற பையன் எருமைங்களா?"

சண்டை வரும் என்றுதான் நான் நினைத்தேன், ஆனால் மாடு சொன்ன பிறகு எங்கள் ஊரில் சண்டை போடுவதில்லை, விசாரிப்பதுதான். ரங்காத்தாக்கா மாப்பிள்ளையின் தலையைத் தடவி, "கொம்பு தட்டுப்படலீங்களே" என்றார். "கடாக்கன்னா இருக்கும், இனிமேல் முளைக்கும்" என்றார் அவர் வீட்டுக்காரர். கருப்பாகத்தானே இருக்கிறார் என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ மரியாதை தெரிந்த ஆள், புண்ணாக்குத் தண்ணீர்த் தொட்டியைக் காலால் மெல்ல அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். குருநாதன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார், பாவம், விரல் இருக்கிறதா என்று எண்ணியது போலிருந்தது.

"அம்மிணி!" என்று மாமியார் என் தோளைப் பிடித்தார். "வாய மூடு. மானம் போகுது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அத்தே." நான் காம்பை விடவில்லை. "கோமளாவுக்குச் சம்மதம்னா, மாப்பிள்ளை எருமை இல்லவே இல்லை!"

பால் கொட்டியது. அதே வேகம், அதே நுரை.

"இதா பாருங்க, இப்ப எருமை இல்லையாமா!" என்று சரசாத்தாள் மார்பில் கைவைத்து உட்கார்ந்தார். பாதிப் பேர் தொட்டியைத் திரும்ப இழுத்தார்கள், பாதிப் பேர் இருக்கட்டும் என்றார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து எருமைதான், எருமை இல்லை என்று வாதாடத் தொடங்கிய நேரத்தில், வந்ததிலிருந்து வாயைத் திறக்காத குருநாதன் எழுந்து நின்றார்.

"ஏனுங்க, ஒரு நிமிசம். நான் என்னைப் பத்தி நல்லா ரோசனை பண்ணிப் பார்த்தேனுங்க. ஒரே ஆள் எருமையாவும் இருந்து எருமை இல்லாமயும் இருக்க முடியாதுங்களே."

"முடியாதுதான்" என்று ஊர் ஒத்துக்கொண்டது.

"மாடும் பொய்க்குப் பால் விடாதுங்களே."

"விடாதுதான்."

"அப்பறம் ரெண்டு பேச்சுலயும் பொதுவா ஒண்ணு கெடக்குதுங்களே, 'சம்மதம்னா'ன்னு. கோளாறு அங்கதானுங்க இருக்குது." அவர் திரும்பி, பந்தலைத் தாண்டி, வாசற்படியைப் பார்த்தார். ஊர்க் கட்டுப்பாட்டை அவர் அறிந்திருக்கவில்லையோ, அறிந்தும் விட்டாரோ, சுற்றாமல் வளைக்காமல் நேராகக் கேட்டார். "உங்களுக்கு இதுல சம்மதமுங்களா?"

என்னை விட்டால் கோமளாவை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் அம்மாவைப் பார்த்தாள். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கோமளா செவலையைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

நான் காம்பில் கை வைக்கவே இல்லை. பால் தானாக இறங்கியது, குடம் நிறைந்தது, வழிந்தது, வெற்றிலைத் தட்டை நனைத்தது, சரசாத்தாளின் பட்டுச்சேலைக் கரைவரை போனது. குருநாதன், "நல்லதுங்க" என்று உட்கார்ந்து, சட்டைப் பையை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கென்னவோ அவர் முகம் தெளிந்தது போலத்தான் தெரிந்தது.

சரசாத்தாள் கோபித்துக்கொண்டு வேனில் ஏறினார். ஏறினவரை, ஆக்கின சோறு வீணாகிறது என்று ரங்காத்தாக்கா இறக்கிக் கூட்டிவந்து இலையில் உட்காரவைத்தார். இரண்டு தரப்பும் பாயசம்வரைக்கும் சாப்பிட்டார்கள். பால் அவ்வளவு இருந்ததே, பாயசம் இரண்டாம் தரம் வைத்தோம். அடுத்த வாரம் சொசைட்டி வாசலில் ஊர் மறுபடி கூடி, அடுத்தவரைப் பற்றிச் சுத்துப்பேச்சு, தன்னைப் பற்றி நேர்ப்பேச்சு என்று கட்டுப்பாட்டைத் திருத்தியது. அதிலிருந்து காலையில் தொழுவங்களில், "எனக்குப் பயமா இருக்கு", "எனக்கு இட்லி புடிக்காது", "நான் அவளை இன்னும் மறக்கலை" என்றெல்லாம் முணுமுணுப்பு கேட்கும், பால் இறங்குகிற சத்தமும் கேட்கும், நாங்கள் ஒருத்தர் தொழுவத்தை ஒருத்தர் எட்டிப் பார்ப்பதில்லை.

மாமியார் மட்டும் என்னோடு பேசவில்லை, மகளோடும் பேசவில்லை. தொழுவத்துப் பக்கமே வரவில்லை. ஆவணி வந்தது. கல்யாணத்துக்குக் குறித்திருந்த அந்த நாளன்று காலையில், நான் பாப்பாவோடு தொழுவத்துக்குப் போனால், அங்கே மாமியார் எனக்கு முன்னால் செவலைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மாமனார் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாட்டிடம் சொன்னார். "அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் இந்த மனுசனைக் கட்டியிருக்க மாட்டேன்."

பால் கொட்டியது.

பிரஷ் மாமனார் வாயிலேயே நின்றது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. மாமியார் குவளையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு, அதே குரலில், "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் இந்த மனுசனைத்தான் கட்டியிருப்பேன்" என்றார்.

அதற்கும் பால். அதே வேகம், அதே நுரை.

மாமியார் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வாய்விட்டுச் சிரித்தார், குவளைக்குள் கண்ணீர் விழாமல் தலையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியா அம்மிணி" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. பார்த்தேன் என்று தலையாட்டினேன். இரண்டு பேச்சிலும் பொதுவாக என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியாதா. பாப்பா பிறப்பதற்கு முன்னால் தைத்த சட்டைகள் பெட்டியில் இன்னும் இருக்கின்றன.

மாமனார் வாயைக் கொப்பளித்தார். துண்டில் துடைத்தார். தொட்டியோரத்திலிருந்து தொழுவம்வரை வந்து, மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஆயுசில் முதல்முறையாக மாமியாரிடம் ஒன்று கேட்டார்.

"பாவாயி, உனக்குச் சம்மதமா?"

செவலை பாலை நிறுத்தியது. காதை விறைத்துக்கொண்டு, அசை போடுவதையும் நிறுத்தி, தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தது. நான் பார்த்தேன், பாப்பாகூட விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தாள். மாமியார் அந்த மனுசரைத் தலையிலிருந்து கால்வரை, துடைத்தும் நுரை ஒட்டியிருந்த மீசையோடு சேர்த்து, நிதானமாகப் பார்த்தார்.

"ரோசனை பண்ணித்தான் சொல்லுவேன்" என்றார்.

பால் இறங்கியது.